பக்கத்துல நிக்கிறது யார் குழந்தை?

ஜனவரி பிறந்தால் போதும். கல்யாண மண்டபங்களுக்குப் போட்டியாகப் பள்ளிக்கூடங்களும் சீரியல் செட் போட்டு மின்ன ஆரம்பித்துவிடும். ஆண்டு விழா சீசன்!

நீங்களும் போய் உட்கார்ந்திருப்பீர்கள். அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து சேர 6 ஆகிவிடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் வாசிக்கும் ஆண்டறிக்கை, ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்... கூட்டம் பாதி சொக்கிப் போயிருக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் அலறும். யூ.கே.ஜி. வாண்டுகள் மேடைக்கு வருகிறார்கள். அவ்வளவுதான், மொத்த அரங்கமும் எழுந்து நின்றுவிடும். முந்நூறு செல்போன்கள் தலைக்கு மேலே. பின் வரிசையில் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மேடை மறைந்துபோகும். முன்னால் நிற்பவரின் செல்போன் திரையில்தான் பேத்தியைத் தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் அவர் பேத்திதானா என்பது சந்தேகம். ரோஸ் பவுடரிலும் ஜிகினாவிலும் எல்லாக் குழந்தையும் ஒரே ஜாடை!

இப்போது சில பள்ளிகளில் மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். “பெற்றோர்கள் தயவுசெய்து செல்போனில் படம் எடுக்க வேண்டாம்.” உடனே கீழே முணுமுணுப்பு கிளம்புகிறது. சமீபத்தில் அப்படி ஒரு விழாவில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் சத்தமாகவே கேட்டார். “வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம் ஃபீஸ் கட்டறேன். டிரஸ்ஸுக்கு 1,200 ரூபா தனியா வாங்கினாங்க. என் பொண்ணை நான் போட்டோ எடுக்கக் கூடாதா?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முழு நியாயமா என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசலாம் என்று இருக்கிறேன்.

முதலில் அந்த அப்பா பக்கம் நின்று பார்ப்போம்.

‘படம் எடுக்காதே’ என்று சொல்லும் பல பள்ளிகள் சொல்லும் காரணம், குழந்தைகளின் பாதுகாப்பு. நல்ல காரணம். ஆனால் அதே விழாவில் மேடைக்கு நட்டநடுவே, ஸ்டாண்டு போட்டு, கிரேன் வைத்து, பள்ளி ஏற்பாடு செய்த வீடியோகிராபர் நின்றுகொண்டிருப்பார். அடுத்த வாரம் டயரியில் ஒரு துண்டுச் சீட்டு வரும். விழா வீடியோ வேண்டுவோர் ஆபீஸில் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வணிகவியல் படித்தவனுக்கு இதற்குப் பெயர் தெரியும். மோனோபொலி! அதோடு விட்டால் பரவாயில்லை. அட்மிஷன் நேரத்தில் சிக்னலுக்கு சிக்னல் ஃபிளெக்ஸ் வைப்பார்கள் பாருங்கள், அதில் சிரிப்பது யார்? ஆண்டு விழாவில் மயில் டான்ஸ் ஆடிய அதே குழந்தைகள். பெற்றவன் எடுத்தால் ஆபத்து, பேனர்காரர் எடுத்தால் ஆபத்தில்லை என்பது என்ன கணக்கு?

இந்தக் கோபம் இருக்கிறவரை ‘பாதுகாப்பு’ என்று பள்ளி சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மயிலாடுதுறை பக்கம். அப்பா சவூதியில், தம்மாமில் எலெக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் லீவு. அந்த இரண்டு மாதம் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வரும். மகள் இப்போது நான்காம் வகுப்பு. அவள் மேடையேறியதை அந்த மனிதர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. மனைவி கை நடுங்க நடுங்க எடுத்து அனுப்பும் நாலு நிமிட வீடியோ, அதில் பாதி முன்னால் இருப்பவரின் பின்னந்தலை... அதுதான் அவருக்கு ஆண்டு விழா. ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, கூட இருக்கும் ஐந்து பேருக்கும் போட்டுக் காட்டுவாராம். “மூணாவதா நிக்குது பாருங்க, பச்சைப் பாவாடை, அதுதான் நம்ம பாப்பா.” இவரிடம் போய் ‘படம் எடுக்கத் தடை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வராது.

போனைக் கீழே வையுங்கள், கண்ணால் பாருங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கெல், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சோதனை செய்தார். சில பொருட்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றை வெறுமனே பார்க்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவற்றைவிட வெறுமனே பார்த்தவைதான் நன்றாக நினைவில் நின்றன. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மூளை கையைக் கழுவிவிடுகிறது! ஆனால் இதே ஆய்வில் ஒரு சுவாரஸ்யம். ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. கவனித்துப் பார்த்தால் கேமரா குறுக்கே நிற்பதில்லை போலிருக்கிறது.

அதனால் இந்த ‘கண்ணால பாருங்க’ உபதேசத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நான் படித்த காலத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு குரூப் போட்டோ. டவுனிலிருந்து ஸ்டுடியோக்காரர் வருவார். பெஞ்ச் போட்டு, உயரவாரியாக நிற்க வைத்து, “கண்ணைச் சிமிட்டாதே” என்று அதட்டி ஒரு கிளிக். காப்பி வேண்டுமானால் 15 ரூபாய். எங்கள் வகுப்பில் கால்வாசிப் பேர் அந்த 15 ரூபாயைக் கட்ட முடியாதவர்கள். போட்டோவில் இருப்பார்கள், போட்டோ அவர்களிடம் இருக்காது. இன்றைக்கு என் வயதில் இருக்கும் எத்தனையோ பேருக்குத் தாங்கள் பத்து வயதில் எப்படி இருந்தோம் என்றே தெரியாது. செல்போன் வந்து அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவும் தன் பிள்ளையை நூறு படம் எடுக்கலாம். அதைப் பறிப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆக, எடுக்கட்டும். இதுவரை நீங்களும் நானும் ஒரே கட்சி.

இப்போது இன்னொரு அம்மாவை அறிமுகப்படுத்துகிறேன். இவரும் எனக்குத் தெரிந்தவர்தான், ஊர் வேறு. அடி உதை தாங்காமல் கணவரிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. சொந்த ஊரை விட்டு, யாருக்கும் தெரியாத இடத்தில் வீடு பிடித்து, மகளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். எந்தப் பள்ளி என்று கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. “அண்ணி வாய்ல எதுவும் தங்காது சார்” என்றார். மகளுக்கு டான்ஸ் என்றால் உயிர். ஆனால் மூன்று வருடமாக எந்த டான்ஸிலும் அவள் இல்லை. பெயர் கேட்கும் நாளில் அம்மாவே போய் டீச்சரிடம், “இவளுக்கு உடம்புக்கு ஆகாது மிஸ்” என்று சொல்லிவிட்டு வருகிறார்.

காரணம் எளிது. மேடையில் எட்டுப் பெண்கள். கீழே எட்டுக் குடும்பம். எட்டு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ். பின்னால் பேனரில் பள்ளியின் பெயர், ஊரோடு, இரண்டடி உயர எழுத்தில்.

இந்த இரண்டு பெண் குழந்தைகளையும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். மூன்றாவதாக நிற்பது தம்மாம்காரர் மகள். நான்காவது இவள். அப்பாவுக்கு அனுப்ப எடுக்கிற அந்த நாலு நிமிட வீடியோவில் இவளும் இருப்பாள். ஒரு குழந்தைக்கு அப்பாவைக் கொண்டுவந்து சேர்க்கிற அதே வீடியோ, பக்கத்துக் குழந்தைக்கும் அப்பாவைக் கொண்டுவந்துவிடலாம்.

‘இது எங்கேயோ ஒரு கேஸ் சார், அதுக்காக எல்லாரும் போனை ஆஃப் பண்ணணுமா’ என்று நீங்கள் கேட்கலாம். எங்கேயோ ஒரு கேஸ்தான். ஆனால் அது எந்த மேடையில், எந்த வரிசையில் என்று படம் எடுக்கிற உங்களுக்குத் தெரியாதே! அந்த அம்மாவும் வந்து சொல்ல மாட்டார். சொன்னால் அப்புறம் எதற்கு இந்த ஒளிவு மறைவு எல்லாம்? காப்பகத்திலிருந்து வந்து படிக்கிற குழந்தை இருக்கலாம். தத்து எடுத்த விஷயத்தைச் சொந்தங்களுக்கு இன்னும் சொல்லாத வீட்டுக் குழந்தை இருக்கலாம். ஏதோ ஒரு கொடுமையில் சாட்சி சொன்ன குழந்தை இருக்கலாம். 2012-ம் வருட போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, போட்டோ, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று கட்டிப் போட்டிருக்கிறது. நாங்கள் பத்திரிகைக்காரர்கள் அதை மீறினால் உள்ளே போக வேண்டியதுதான். ஒரு அப்பாவின் ஸ்டேட்டஸுக்கு அப்படி ஒரு எடிட்டர் கிடையாது.

பி.காம். முதல் வருடம் மெர்க்கன்டைல் லா பேப்பர் எழுதிய யாரும் மறக்க முடியாத ஒரு வழக்கு உண்டு. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903. கல்கத்தாவில் ஒரு மைனர் பையன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிவிடுகிறான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. மைனர் போட்ட ஒப்பந்தம் முதலிலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு. இந்த ஒரு கேஸை எழுதியே பாஸானவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. விஷயம் என்னவென்றால், குழந்தையால் சம்மதம் தர முடியாது, அதன் சார்பில் பெற்றவர்கள் தர வேண்டும். சரி, உங்கள் மகளுக்கு நீங்கள் தரலாம். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு?

பேங்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் இரண்டு விதம். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். ‘ஜாயின்ட்லி’ என்றால் எல்லோரும் போட வேண்டும். குரூப் டான்ஸ் வீடியோவை நாமெல்லாம் முதல் வகை என்று நினைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம். நியாயப்படி அது இரண்டாவது வகை. உங்கள் வீட்டு அலமாரியில் பாஸ்புக்கை வைத்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து பார்த்துச் சந்தோஷப்படலாம். செக் கிழித்து ஊருக்குக் கொடுப்பதற்குத்தான் மற்றவர்கள் கையெழுத்து வேண்டும்.

சட்டம் இதில் நமக்கு எவ்வளவு உதவும்? கொஞ்சம்தான். பிரிட்டனில் பல பள்ளிகள் ‘டேட்டா பாதுகாப்புச் சட்டம்’ என்று சொல்லிப் பெற்றோரின் கேமராவைத் தடுத்தன. கடைசியில் அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற தகவல் ஆணையர் அலுவலகமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. குடும்ப ஆல்பத்துக்காக அப்பா, அம்மா எடுக்கிற படத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, இதைக் காட்டித் தடுக்காதீர்கள் என்று. நம் நாட்டிலும் அதே கதைதான். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அதன் பிறகு வந்த 2023-ம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம். ஆனால் தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. பள்ளிக்கூடம் தனிமனிதரும் இல்லை, வீடும் இல்லை. ஃபிளெக்ஸ் வைப்பவர்கள் கவனிக்க!

பிரான்ஸ் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், குழந்தையின் படத்தைப் பாதுகாப்பது அப்பா, அம்மா இருவரின் கூட்டுப் பொறுப்பு என்கிறது. ஒருவர் கண்டபடி படம் போட்டால், மற்றவர் சம்மதம் இல்லாமல் இனிமேல் போடக் கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். குழந்தையின் வயதைப் பொறுத்து அதனிடமும் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது, பெற்றவர்களிடமிருந்தே குழந்தையின் முகத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று ஒரு தேசம் முடிவு செய்துவிட்டது.

எதற்கு இவ்வளவு பயம்? ஒரு ஊரைச் சொல்கிறேன். ஸ்பெயினில் அல்மென்ட்ராலேஹோ. 2023 செப்டம்பரில் அந்தச் சின்ன ஊரே உலகச் செய்தியானது. இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிப் பெண்கள், 11 வயதுப் பெண்கூட உண்டு, சமூக வலைதளத்தில் போட்டிருந்த சாதாரணப் படங்களை யாரோ எடுத்து, செயற்கை நுண்ணறிவு ஆப் ஒன்றில் கொடுத்து, ஆடையில்லாத படங்களாக மாற்றி வாட்ஸ்ஆப்பில் உலவ விட்டார்கள். யார் என்று தேடினால், பூதம் போல எங்கிருந்தோ வந்தவன் யாரும் இல்லை. உள்ளூர்ப் பள்ளிப் பையன்கள். அந்தப் பெண்களைத் தெரிந்தவர்கள்! மறு வருடம் 15 மைனர்களுக்குச் சிறார் நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அங்கே எடுக்கப்பட்டவை ஆண்டு விழாப் படங்கள் அல்ல. ஆனால் படம் படம்தான், ஆப்புக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

நம் ஊர்ப் பெற்றோர் ஒரு சமாதானம் சொல்வார்கள். “நான் பப்ளிக்கா போடல சார், ஃபேமிலி குரூப்ல மட்டும்தான்.” ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். உங்கள் குடும்பம் அவ்வளவு பெரிசில்லை என்றாலும், சித்தப்பா ஒருவர் இருப்பார். வருவது எதையும் படிக்காமல் அப்படியே இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிடுவது அவர் வழக்கம். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

இந்த ஆபத்துகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். உண்மையில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. அது ஆபத்துகூட இல்லை, அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

மாறுவேடப் போட்டி. முண்டாசும் கோட்டும் மை மீசையுமாக ஒரு ஐந்து வயதுப் பாரதியார். மேடைக்கு வந்து மைக்கைப் பார்த்ததும் இரண்டு வரி மறந்துபோய்விடுகிறது. உதடு பிதுங்குகிறது. மீசை கரைய கரைய அழுகிறான். அரங்கமே சிரிக்கிறது, அன்பான சிரிப்புதான். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, மேடையை நோக்கி ஓடுகிறாள். அதற்குள் பத்துப் போன்களில் பதிவாகிவிட்டது. மறுநாள் ‘சோ க்யூட் பாரதி’ என்று தலைப்புப் போட்டு யாரோ ஒருவர், தன் பிள்ளைகூட இல்லை, அடுத்தவர் பிள்ளையை ஏற்றிவிடுகிறார். ஆயிரக்கணக்கான பேர் சிரிக்கிறார்கள். கீழே ‘என்னால முடியல’ என்று கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மைகள்.

அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வருவான் இல்லையா? குரல் உடையும், முகத்தில் பரு வரும், பக்கத்து பெஞ்சில் பெண்கள் இருப்பார்கள். அப்போது பிறந்த நாள் வாழ்த்து என்ற பெயரில் ஒரு நண்பன் அந்த வீடியோவைத் தோண்டி எடுப்பான். நமக்கெல்லாம் ஐந்து வயதில் அழுத அழுகை, பாட்டி சொல்லக் கேட்ட கதையாக மட்டும் இருக்கிறது. பாட்டியும் நம்மைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொல்வாள். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மறக்கப்படுவது என்பது ஒரு குழந்தைக்குக் கிடைத்துவந்த சொத்து. நாம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கேமரா புதிதாக வந்தபோதும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1888-ல் ஈஸ்ட்மனின் கோடாக், சாதாரண மனிதர் கையில் கேமராவைக் கொடுத்தது. இரண்டே வருடத்தில், 1890-ல், வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வக்கீல்கள் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய கட்டுரை ஹார்வர்டு சட்ட இதழில் வந்தது. அதில் அவர்கள் சொன்ன தொல்லைகளில் ஒன்று, நினைத்தவுடன் எடுக்கிற போட்டோ! நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, என்னதான் சொல்ல வருகிறீர்கள் என்கிறீர்களா?

தடை போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தம்மாமில் காத்திருக்கும் மனிதரை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் எடுப்பது ஒரு காரியம், அனுப்புவது வேறு காரியம். எடுக்கிற உரிமை பெற்றவருக்கு உண்டு. பிறர் பிள்ளை இருக்கிற படத்தை வீட்டுக்கு வெளியே அனுப்புகிற உரிமை கிடையாது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, கிடையாது. தம்மாம் வீட்டுக்கு உள்ளே. முந்நூறு பேர் பார்க்கிற ஸ்டேட்டஸ் வீட்டுக்கு வெளியே. தம்மாமிலிருந்தும் அது வேறெங்கும் போகக் கூடாது, அந்த வாக்கை அந்த மனிதரிடமும் கேட்டு வாங்க வேண்டியதுதான். இதில் பெரிய தத்துவக் குழப்பம் ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளை தனியாக, ஜிகினா டிரஸ்ஸோடு, வாசல்படியில் நிற்கிற படம் ஒன்று எடுங்கள். பள்ளி பேட்ஜும் பேனரும் இல்லாமல். போடுவதற்கு முன்னால், “கண்ணு, இதை எல்லாருக்கும் காட்டட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அபிப்பிராயம் இருக்காது என்று நினைக்காதீர்கள். என் நண்பர் கேட்டுப் பார்த்திருக்கிறார். மகள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வேணாம், பல்லு இல்லாம இருக்கேன்” என்று சொல்லிவிட்டாளாம். அவர் போடவில்லை. முப்பது லைக் நஷ்டம்.

ஒரு டீச்சர் தங்கள் பள்ளியில் செய்வதைச் சொன்னார். நிகழ்ச்சி நடக்கும்போது யாரும் போனைத் தூக்கக் கூடாது. முடிந்ததும் வகுப்பு வாரியாகப் பிள்ளைகளை மேடையில் ஒவ்வொருவராக நிற்க வைத்து, பெற்றவர்கள் போய்ப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம் கூடுதலாகும், வேர்த்துக் கொட்டும், மேக்கப் கலைந்திருக்கும். ஆனால் யாரும் வராத ஒரு பிள்ளை இருந்தால், அதுகூட டீச்சர் போய் நின்றுகொள்கிறார். இந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால், எந்தக் கேமராவும் தன் பக்கம் திரும்பாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று மேடையின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்றார். ஆடும்போது அவர்கள் கண் கூட்டத்தில் தேடிக்கொண்டே இருக்குமாம்.

ஆனால் நடனத்தை எடுக்க முடியாதே, தம்மாம்காரருக்கு என்ன வழி? இது எனக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பள்ளியே எடுத்து, அந்த வகுப்புப் பெற்றோருக்கு மட்டும், பாஸ்வேர்டு போட்டு, காசு வாங்காமல் கொடுக்கலாம். கசியாது என்று உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் முந்நூறு குழாயைவிட ஒரு குழாயைக் காவல் காப்பது சுலபம்.

இந்த அட்மிஷன் சீசனில் ஒரு பள்ளியின் விண்ணப்பப் பாரத்தைப் பார்க்க நேர்ந்தது. 11 பக்கம். ரத்தப் பிரிவுக்கும் பஸ் ரூட்டுக்கும் நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி. மாணவரின் படங்களைப் பள்ளியின் விளம்பரங்களில் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். சம்மதம் கேட்கிறார்களே, அதுவரை சந்தோஷம். அங்கே இருந்த முதல்வர் அம்மையாரிடம் கேட்டேன்.

“இல்லைன்னு டிக் பண்ணினா என்ன மேடம் ஆகும்?”

“இதுவரைக்கும் யாருமே அப்படிப் பண்ணதில்ல சார்.”

“ஒருத்தர் பண்றாங்கன்னு வெச்சுக்குங்களேன்.”

யோசித்தார். “அப்ப அந்தக் குழந்தைய குரூப் டான்ஸ்ல சேர்க்க முடியாது. வீடியோல வந்துடும் இல்லையா?”

எனக்கு அந்த நான்காவது பெண் ஞாபகம் வந்தாள். உடம்புக்கு ஆகாது என்று பெயர் வாங்கியவள். அவளுடைய அம்மா ‘இல்லை’ கட்டத்தில் டிக் செய்யும் தைரியம் உள்ளவராக இருந்தாலும், நடப்பது இதேதான் போல.

“குழந்தைய வெச்சுக்கிட்டு, அந்த ஒரு டான்ஸுக்கு மட்டும் கேமராவை ஆஃப் பண்ணிடலாமே மேடம்?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “வீடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே சார்.”